அண்ணியின் நகப்பூச்சு அலமாரி

எங்கள் வீட்டு அலமாரியில் பதினேழு குப்பி நகப்பூச்சு இருக்கிறது. அதில் ஒரு சொட்டைக்கூட அண்ணி தன் நகத்தில் பூசிக்கொண்டதில்லை. அவளுடைய நகங்கள் எப்போதும் கறுப்புதான். ஆயில் கறுப்பு. சோப்பு, எலுமிச்சை, பழைய பல் துலக்கும் பிரஷ் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டு, போகாத கறுப்பைப் பார்த்து, "இது என் சொந்தக் கலரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவாள்.

வீட்டின் முன் அறைதான் கடை. டிராக்டர், மண்வாரி இயந்திரம், பாரந்தூக்கி, எதில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தாலும் இங்கே வரும். ஹோஸ் என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் மாதிரி இல்லை. உள்ளே இரும்புக் கம்பி பின்னிய கனத்த ரப்பர். ஆயிலின் அழுத்தம் அதற்குள் ஓடும்போது கையால் தொடக்கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையில் கிளம்புகிற ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அளந்து, அறுத்து, உள்ளே காற்றடித்துத் தூசி எடுத்து, இரண்டு முனையிலும் இரும்புக் கொண்டையைச் சொருகி, கிரிம்பிங் மிஷினுக்குள் நுழைப்பாள் அண்ணி. எட்டு இரும்பு விரல்கள் எட்டுப் பக்கமிருந்தும் கொண்டையை நெரிக்கும். 'ம்ம்' என்று ஒரு சத்தம் வரும், யாரோ கோபத்தை விழுங்கிக்கொள்வது போல. அவ்வளவுதான். பிறகு அந்தக் கொண்டையை டிராக்டரே இழுத்தாலும் பிடுங்க முடியாது.

இந்த மிஷினை வாங்கியது அண்ணன். கல்யாணமான சில மாதத்தில் வாங்கினான். வாங்கிய முதல் மாதத்தில் பதினொரு ஹோஸ்களை அளவு குறைவாக வெட்டினான். அப்போது அண்ணி சட்டை தைக்கிற கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவள், வாசலில் நின்ற டிராக்டரின் மடிந்த இரும்புக் கையை அண்ணன் அளப்பதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"என்னங்க, கையை மடிச்சு வச்சு அளக்குறீங்க?"

"பின்ன? கை இப்படித்தானே இருக்கு."

"தொங்கப் போட்ட கைக்கு அளவெடுத்தா, சட்டை கண்ணாடி முன்னாடி நல்லாத்தான் இருக்கும். பஸ்ல ஏறி மேல் கம்பியைப் பிடிச்சா அக்குள்ல டர்ருன்னு போகும். நீட்டச் சொல்லி அளங்க, மடக்கச் சொல்லி அளங்க, நடுவுல எங்க முட்டுதுன்னு பாருங்க."

அண்ணன் நீட்டச் சொல்லி அளந்தான். ஒன்றரைச் சாண் குறைந்தது. அடுத்த மாதம் அவன் பள்ளி வேன் ஓட்டப் போனான். இன்றுவரை அதைத்தான் சந்தோஷமாக ஓட்டுகிறான். அண்ணி தையல் கடை வேலையை விட்டுவிட்டு மிஷின் முன்னால் வந்து நின்றாள். அளவு நாடா மட்டும் கழுத்திலிருந்து இறங்கவே இல்லை.

முதல் கல்யாண நாளுக்கு அண்ணன் ஒரு சிவப்பு நகப்பூச்சு வாங்கி வந்து வைர மோதிரம் நீட்டுவது மாதிரி நீட்டினான். அண்ணி திறந்து மோந்து பார்த்தாள். "ஆயில் பட்டா அழியுமா?" என்று கேட்டாள். மறுநாள் அந்தச் சிவப்பு ஒரு ஹோஸின் முனையிலும், அது போய்ச் சேர வேண்டிய துளையின் ஓரத்திலும் பொட்டுப் பொட்டாக இருந்தது. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. எந்த மூடனும் மாற்றி மாட்ட முடியாது. "என் காதலைக் கொண்டுபோய் டிராக்டர்ல தடவிட்டா" என்று அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் முறையிடுவான். முறையிட்டுவிட்டு அடுத்த வாரம் இன்னொரு நிறம் வாங்கி வருவான். அப்படிச் சேர்ந்ததுதான் பதினேழு.

அண்ணிக்கு ஒரே ஒரு சட்டம். ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. அந்தச் சட்டம் உடைந்த வாரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, சாலைப் பராமரிப்பு டிப்போவிலிருந்து ஒரு சாக்கு வந்து இறங்கியது. உள்ளே பத்துப் பழைய ஹோஸ்கள், பாம்புப் பிடாரன் கூடையைக் கவிழ்த்தது போல. சாலையோரப் புல் வெட்டுகிற டிராக்டருடையவை. அந்த டிராக்டரின் பக்கத்தில் ஓர் இரும்புக் கை இருக்கும்; தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மடிப்பு. நுனியில் புல் வெட்டும் தலை. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமல், லீவர்களைத் தள்ளியும் இழுத்தும் கையைத் தூக்குவார், இறக்குவார், நீட்டுவார், மடக்குவார். பள்ளத்துச் சரிவு, வேலி ஓரம், பாலத்துக்கு அடி எல்லாவற்றிலும் அது போய்ப் புல்லை வழித்துவிட்டு வரும்.

"யாரு இதை மொத்தமா கழட்டினது?" அண்ணி சாக்கோடு வந்த மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா. உங்களுக்கு வேலை மிச்சம்னு."

"வேலை மிச்சமா? பத்துப் பேரைத் தூக்கத்துல தூக்கிட்டு வந்து, எந்த வீட்டுக்காரன்னு கேளுன்னா எப்படிடா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். சொறிவதைத் தவிர அவன் வேறு எதுவும் செய்ய முடியாத நிலைமை.

பத்தையும் செய்துகொண்டு மத்தியானம் டிப்போவுக்குப் போனாள். எனக்கு அச்சகத்தில் சாயங்கால வேலை என்பதால் பகலில் அவளுக்கு முனை பிடிக்கக் கூடப் போவேன். நிறப்பொட்டு இல்லை, எதைப் பார்த்து மாட்டுவது? வால்வில் பொறித்திருந்த எழுத்துகளையும், டிராக்டரோடு வந்த புத்தகத்தில் இருந்த படத்தையும் வைத்து ஒவ்வொன்றாக மாட்டினாள். ஹோஸின் மேல் நீளமாக அச்சிட்ட கோடு முறுக்கிக்கொள்ளாமல் நேராக ஓடுகிறதா என்று, வகிடு பார்ப்பது போல, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். லீவர்களுக்குப் பக்கத்தில் பல வருஷத்து கிரீஸ் அப்பிய ஒரு தகடு இருந்தது. துடைத்தாள். அம்புக்குறிகள் தெரிந்தன. முன்னால் தள்ளினால் கை வெளியே நீளும். பின்னால் இழுத்தால் உள்ளே வரும். மெக்கானிக்கை ஏறித் தள்ளச் சொன்னாள். நீண்டது. இழுக்கச் சொன்னாள். வந்தது. ஓர் அட்டையை ஒவ்வொரு மூட்டிலும் காட்டி ஆயில் கசிகிறதா என்று பார்த்தாள். அட்டை காய்ந்தே இருந்தது.

"தகடு சொல்றதும் மிஷின் செய்யுறதும் ஒண்ணா இருக்கு. இது போதும்" என்று கை துடைத்தாள். அந்த டிராக்டரை ஓட்டுகிறவர் அன்றைக்கு லீவு. மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தார்.

அவரை டிப்போவில் எல்லோரும் ஷேவிங்காரர் என்பார்கள். அவர் வெட்டிய சாலையோரம் புதிதாகச் சவரம் செய்த கன்னம் மாதிரி இருக்கும். மைல்கல்லைச் சுற்றி விரல்கடை இடம் விட்டு வெட்டுவார். கல்லில் கீறல் இருக்காது. ஏழு வருஷமாக அந்த ஒரே டிராக்டர். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி.

புதன்கிழமை காலை அவர் எங்கள் கடை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதுவே ஏதோ சரியில்லை என்று சொல்லியது.

"வாங்க அண்ணே. போட்டுக்கிட்டே வாங்க, தரையெல்லாம் இரும்புத் தூளு."

"இருக்கட்டும் தங்கச்சி. ஒரு விஷயம், வேற யாரும் சொல்லி உனக்குத் தெரியறதுக்குள்ள நானே சொல்லிடலாம்னு வந்தேன். நேத்து மிஷினை மைல்கல்லுல இடிச்சுட்டேன்."

அண்ணியின் கை நாடாவுக்குப் போனது. பயந்தால் அதைப் பிடித்துக்கொள்வாள். "ஹோஸ் ஏதாவது..."

"சேச்சே. உன் ஹோஸ்ல ஒரு தப்பும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். தப்பு இங்க." நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார்.

டீயை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். குடிக்கவில்லை.

"காலைலேயே ரெண்டு தடவை தப்பா இழுத்தேன். தூக்கக் கலக்கம்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சு யோசிச்சு ஓட்டினேன். ஏழு வருஷத்துல யோசிச்சு ஓட்டினதே இல்ல தங்கச்சி. மத்தியானம் பின்னாடி ஒரு லாரி ஹாரன் அடிச்சான். எதிர்ல கல்லு. உள்ள மடக்கணும். கை வெளிய போயிடுச்சு. சூப்பர்வைசர் வந்து நாலு பேர் முன்னாடி தகட்டைப் படிக்கச் சொன்னார். படிச்சேன். எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. வெள்ளிக்கிழமைலேருந்து கேட்டுல உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதச் சொல்லிட்டார்."

"ஒரு தடவை இடிச்சதுக்கா?"

அவர் கொஞ்ச நேரம் டீயில் ஆடை கட்டுவதைப் பார்த்தார்.

"அவரைச் சொல்லி என்ன. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. முதல்ல எந்தச் செருப்பு எந்தக் காலுன்னு. அப்புறம் எங்க பேரு. கடைசில கண்ணாடியைப் பார்த்து, யாருப்பா நீன்னு கேட்டார். வீட்டுல இன்னும் சொல்லல. கேட்டுக்கு மாத்திட்டாங்கன்னு மட்டும் சொல்லலாம்னு இருக்கேன்."

கிரிம்பிங் மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி போய் அணைத்தாள். திரும்பி வந்து அவருக்கு எதிரே ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, எப்படி ஆச்சுன்னு இன்னொரு தரம் சொல்லுங்க. கல்லு வருது..."

"கல்லு வருது. உடனே உள்ள மடக்கணும்..."

சொல்லும்போதே அவருடைய வலது கை தொடையை விட்டு எழுந்து, இல்லாத லீவரைப் பிடித்து முன்னால் தள்ளியது.

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அளவெடுக்கும்போது பார்ப்பாளே, தோளிலிருந்து மணிக்கட்டுவரை, அப்படிப் பார்த்தாள்.

"வெளிய நீட்டணும்னா?"

"வெளியன்னா..." கை நெஞ்சை நோக்கி வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வாய் மட்டும் தகட்டை ஒப்பித்தது: "முன்னாடி தள்ளினா வெளிய, பின்னாடி இழுத்தா உள்ள. தெரியுது தங்கச்சி, நல்லாவே தெரியுது. ஆனா..."

அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். பத்துப் பழைய ஹோஸ்களையும் தரையில் கொட்டி, இரண்டை மட்டும் பொறுக்கினாள். முழங்கையை நீட்டி மடக்கும் சிலிண்டருக்குப் போகிற இரண்டு; ஒன்றில் ஆயில் போனால் முழங்கை நீளும், மற்றதில் போனால் மடங்கும். சாக்பீஸால் தரையில் இரும்புக் கையின் படத்தை வரைந்து, அதன்மேல் ஹோஸ்களை வைத்தாள்.

ஏழு வருஷம் ஒரே இடத்தில் கிடந்த ஹோஸ், கழற்றிப் போட்டாலும் தான் கிடந்த வளைவை விடாது. கல்யாணத்துக்குப் போய்த் தூங்கினாலும் சொந்தப் படுக்கையில் படுப்பது மாதிரியே சுருண்டு படுக்கிறவர்கள் உண்டே, அப்படி. படத்தில் இருப்பது போல நேராக வைத்தால் இரண்டும் துள்ளிக்கொண்டு நின்றன. அண்ணி முனைகளை மாற்றி வைத்தாள். ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஏறி, அப்படியே அமைதியாகப் படுத்துக்கொண்டன. குறுக்கே ஏறிய இடத்தில், மேல் ஹோஸின் வயிற்றிலும் கீழ் ஹோஸின் முதுகிலும், ரப்பர் தேய்ந்து ஆளுக்கொரு குழி. ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தின.

"இந்தத் தேய்மானத்தைத் திங்கட்கிழமையே பார்த்தேன்" என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "ஹோஸைப் பிடிச்சு வைக்கிற கிளாம்ப் லூசா இருந்திருக்கும்னு நினைச்சுட்டேன். ஏன்டா தேஞ்சேன்னு கேட்கல. ரெண்டும் நேராப் போனா ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது அண்ணே. ஏழு வருஷமா இது மாத்தி மாட்டியிருக்கு. நீங்க தள்ளினா மடங்கியிருக்கு, இழுத்தா நீண்டிருக்கு. தகடு கிரீஸுக்குள்ள இருந்ததால யாரும் பார்க்கல. உங்க கை அப்படித்தான் படிச்சுது. நான் போய் திடீர்னு திருத்திட்டேன்."

ஷேவிங்காரர் குனிந்து, அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்தார். விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"அப்போ... நான் மறக்கலையா?"

"எங்க மறந்தீங்க? உங்க கை மறக்கவே மாட்டேன்னு அடம் பிடிக்குது. அதான் வம்பு."

அவர் சிரிக்க முயன்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் காலை டிரிப்பை முடித்துவிட்டு, வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். அண்ணி ஒரு ஹோஸின் முனையைத் தூக்கிக் காட்டினாள். கொண்டையின் கழுத்தில் நீல நிற டேப் சுற்றியிருந்தது, மூன்று சுற்று.

"என்னங்க, இது யாரோட வேலைப்பாடு?"

அண்ணன் பார்த்தான். சாவி சுழல்வது நின்றது. அவன் கடை நடத்திய காலத்தில் எல்லாவற்றிலும் நீல டேப் சுற்றுவான். பார்க்க நன்றாக இருக்கும் என்று.

"நல்ல டேப்பு அது" என்றான். "ஏழு வருஷமா பிரியலை பாரு."

*

வியாழக்கிழமை அண்ணி, அண்ணன், நான் மூன்று பேரும் டிப்போவுக்குப் போனோம். அண்ணி வழியெல்லாம் நாடாவைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் புரிந்தது. 'அந்தம்மா ஹோஸா, கண்ணை மூடிக்கிட்டு மாட்டு' என்று நாலு டிப்போவில் பேச்சு உண்டு. அதைச் சம்பாதிக்க அவளுக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது. சும்மா இருந்திருந்தால் யாரும் அவளை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை அவள் செய்தது புத்தகத்தில் இருக்கிறபடியே சரி.

சூப்பர்வைசர் இரண்டு ஹோஸையும் மேஜையில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ முதல்ல தப்பா மாட்டினது உங்க கடைதான்னு சொல்றீங்க?"

"ஆமா சார்."

"இதை எழுதியும் கொடுப்பீங்களா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஸ்பேனர் பையோடு முன்னால் வந்துவிட்டான். "எழுதுறேன் சார். மாட்டினது நான். இவங்க அப்போ சட்டை தைச்சுட்டு இருந்தாங்க. இவங்க வந்த பிறகு இந்தக் கடைல ஒரு தப்பு நடக்கல."

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அந்தப் பதினேழு நிறத்திலும் பொருத்தமானது இல்லை.

"சரி. ஆனா பழையபடி மாத்தி மாட்ட முடியாது. தகடு ஒண்ணு சொல்ல, மிஷின் இன்னொண்ணு செய்யக்கூடாதே. அவரே பழகிக்கட்டும்" என்றார் சூப்பர்வைசர்.

"பழகிடுவார் சார். எத்தனை மைல்கல்லுக்கு அப்புறம்னுதான் தெரியாது" என்றாள் அண்ணி. "இந்த டிராக்டரை வேற யாரும் ஓட்டுறதில்ல. ஹோஸை மாத்தி மாட்டுறேன், தகட்டையும் மாத்திடுறேன். ரெண்டும் ஒண்ணாயிடும். அவர் ரிட்டயர் ஆனதும் நானே வந்து ரெண்டையும் திருப்பிடுறேன்."

சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஷேவிங்காரர் வெயிலில் டிராக்டரின் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரனின் கட்டில் அருகே நிற்பது போல நின்றிருந்தார். சூப்பர்வைசர் அலமாரிமேல் இருந்த தன் பைக் ஹெல்மெட்டை எடுத்தார். "புதுசு. போன வாரம்தான் வாங்கினேன். இதைச் சரிவுல வைப்பேன். சுத்தி வெட்டட்டும். கீறல் விழுந்துச்சு, நாளைக்கு கேட்டுதான்."

அண்ணி வெட்டும் தலையைத் தரையில் இறக்கவைத்து, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி உள்ளே இருந்த அழுத்தத்தை விடுவித்தாள். பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டாள். இரண்டு ஹோஸையும் முனை மாற்றினாள். பழைய ஹோஸ்கள் தேய்ந்திருந்த அதே இடத்தில் கெட்டியான உறை ஏற்றி, இடையில் கிளாம்ப் வைத்துப் பிரித்தாள். இனி ஒன்றையொன்று தொடாது. அண்ணன் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தான். கேட்டது பத்தொன்பது, கொடுத்தது பதினேழு. "இதுலயும் அளவு குறைச்சலா?" என்றாள், தலையைத் தூக்காமலே. இன்ஜினை ஓடவிட்டு, கையை மெதுவாக நாலைந்து தடவை நீட்டி மடக்கி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினாள். அட்டையைக் காட்டினாள். ஆயில் மட்டம் பார்த்தாள். கடைசியில் தகட்டைத் துடைத்து, பழைய அம்புகளை வெள்ளை நகப்பூச்சால் மூடி, அது காய்ந்ததும் சிவப்பால் இரண்டு புது அம்புகள் வரைந்தாள், எதிர்த் திசையில். வரைந்ததில் கட்டைவிரல் நகத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

ஹெல்மெட் சரிவின் நடுவில் புல்லுக்குள் இருந்தது. எங்களை எல்லாம் தூரமாக நிற்கச் சொன்னார்கள். ஷேவிங்காரர் ஏறி உட்கார்ந்தார். லீவரைத் தொடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். அண்ணியின் கை நாடாவை முறுக்கிக்கொண்டிருந்தது.

"யோசிக்காதீங்க அண்ணே!" என்று கத்தினாள். "கை பார்த்துக்கும்!"

கை நீண்டது. புல் பறந்தது. தலை ஹெல்மெட்டை நோக்கிப் போனது, போனது, சூப்பர்வைசர் ஒரு காலை முன்னால் வைத்தார், அங்கேயே முழங்கை மடங்கி, தலை ஹெல்மெட்டின் ஓரமாக வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி நீண்டு, மறுபடி மடங்கி வந்தது. அவர் லீவரைப் பார்க்கவே இல்லை. ஒரு கட்டத்தில் காதோரம் சொறிந்துகொண்டார்.

இன்ஜின் நின்றபோது, வழித்த சரிவின் நடுவில் ஹெல்மெட்டைச் சுற்றி விரல்கடை அகலத்துக்கு ஒரு புல் வட்டம் மட்டும் நின்றிருந்தது. சூப்பர்வைசர் இறங்கிப் போய் ஹெல்மெட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே தலையில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார். பைக்கே அங்கே இல்லை.

ஷேவிங்காரர் இறங்கி வந்து தகட்டைக் காட்டினார். "தங்கச்சி, இந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு வருஷத்துக்கு நான் கேரண்டி."

"அப்போ சரி" என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று அவர் வீட்டில் யாரிடமோ சொல்வது கேட்டது. "சாயங்காலம் என்ன வாங்கிட்டு வரட்டும்?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "யோசிச்சுப் பாரு. அந்த மனுஷன் ஏழு வருஷம் ஒரு கல்லைத் தொடாம வெட்டினார். யார் மாட்டின ஹோஸுல? ஊரே மெச்சின வேலை எதுல நடந்தது?"

"பதினொண்ணு" என்றாள் அண்ணி.

"அந்தப் பேச்சை எடுக்காதே."

அதற்குப் பிறகு அண்ணியின் சட்டம் இரண்டாகிவிட்டது. யாராவது எல்லா ஹோஸையும் மொத்தமாகக் கழற்றிக் கொண்டுவந்தால், ஓட்டுகிறவரையும் கூட்டிவரச் சொல்கிறாள். ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, "தூக்குங்க... இறக்குங்க... நீட்டுங்க..." என்கிறாள். மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் எங்கள் முன் அறையில் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையைத் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அண்ணி சிரிக்காமல், கழுத்தில் நாடாவோடு, அவர்களுடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.